ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம்

அத்தியாயம் 14

"கதவைத் திறங்க அத்தை."

"குளிச்சிக்கிட்டு இருக்கேன்."

"தண்ணி சத்தமே கேக்கலையே."

"சத்தம் போட்டுத்தான் குளிக்கணுமா? நீ கிளம்பு. நேரமாகலையா உனக்கு?"

மருமகள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றாள். கதவிடுக்கு வழியாகப் பவுடர் வாசனை வந்தது. டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டியது போல அவ்வளவு வாசனை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவளுடையது பல வருஷம் வார்டில் நர்ஸாக இருந்த மூக்கு. அதை ஏமாற்ற ஒரு டப்பா பவுடர் போதாது.

துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்த துண்டை அவள் எடுத்த அன்றே கேட்டுவிட்டாள். "அது தைலம்" என்றார் மாமியார். தைலம் காய்ந்தால் துணி இப்படி மஞ்சளும் பழுப்புமாய் விறைத்துப் போகுமா என்று கேட்டதற்கு, "என் வயித்தைப் பார்க்க என் பையன் இருக்கான்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

பையன் என்றால் இளையவன். மூத்தவன், அதாவது மருமகளின் கணவன், லாரி ஓட்டுகிறவன். இந்த வாரம் முழுக்க அவனுக்குச் சாலைதான் வீடு. இளையவன் சர்ஜன். அம்மாவின் குடலிறக்கத்துக்கு அவனே கத்தி எடுத்தான். சொந்த அம்மாவை அறுக்காதே என்று ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். "வேற எவன் கையும் என் வயித்துல படக் கூடாது. அப்படின்னா எனக்கு ஆபரேஷனே வேண்டாம்" என்று மாமியார் ஒரே பிடியாய் நின்றார். அவரை எதிர்த்து அந்த வீட்டில் யார் ஜெயித்திருக்கிறார்கள்? பிதுங்கிய குடலை உள்ளே தள்ளி, மறுபடி பிதுங்காமலிருக்க வயிற்றுச் சுவரில் மெல்லிய வலை ஒன்றை வைத்துத் தைத்தான் இளையவன். அது நடந்து ஒரு மாதம்.

"காய்ச்சல் இருக்கா அத்தை? அதையாவது சொல்லுங்க."

"இதெல்லாம் நீ ஆபீஸ்ல கேக்கற கேள்வி. வீட்ல கேக்காதே."

ஃபோன் அடித்தது. இளையவன்தான்.

"அண்ணி, கிளம்பிட்டீங்களா? அம்மா எப்படி இருக்காங்க?"

"நீங்களே வந்து பாருங்க தம்பி."

"நேத்து வந்தேனே. வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பிட்டாங்க. காயத்தைக் காட்டுங்கன்னேன். உனக்கு வேற வேலையே இல்லையான்னாங்க. நடை நல்லா இருந்துச்சு."

"நடையைப் பார்த்தா போதுமா?"

அவன் சிரித்தான். யாரையும் வசப்படுத்திவிடுகிற சிரிப்பு. "இன்னைக்கு மீட்டிங் முடியட்டும் அண்ணி. சாயங்காலம் வந்து கட்டிப் போட்டாவது பார்த்துடறேன்."

ஃபோனை வைத்தபோது குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அவன்கிட்ட ஏதாவது போட்டுக் கொடுத்தியா?"

"இல்லை."

"நல்ல பிள்ளை. இன்னைக்கு அவனுக்குப் பெரிய நாள். யாரும் குறுக்க விழக் கூடாது."

*

பெரிய நாள் என்றது உண்மைதான். ஆஸ்பத்திரியில் புதிதாகக் கட்டிய அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு இன்று தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏழாவது மாடியில், நாலு மணிக்கு. போட்டியில் இரண்டு பேர். ஒருவன் இளையவன். இன்னொருவர், யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை என்பதால் வார்டு முழுக்க முசுடு என்று அழைக்கப்படும் மூத்த சர்ஜன்.

யார் வேலை சுத்தம் என்பதைச் சிபாரிசைக் கேட்டு முடிவு செய்வதில்லை. கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்று மேலே சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கைக் கொடுக்க வேண்டியது தரப் பிரிவு. அந்தப் பிரிவில் மொத்தமே இரண்டு பேர். ஒருத்தி நம் மருமகள்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆனவர்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் ஃபோன் போகும். காய்ச்சல் வந்ததா, காயம் சீழ் பிடித்ததா, மறுபடி எங்காவது சேர்ந்தீர்களா. பதில்களைக் கூட்டி, ஒவ்வொரு சர்ஜனுக்கும் ஒரு கோடு வரைந்து சுவரில் ஒட்டுவார்கள். கோடு தாழ இருந்தால் நல்ல பெயர். இளையவனின் கோடு தரையோடு தரையாக ஓடியது. முசுடின் கோடு எல்லார் தலைக்கும் மேலே.

இன்னொருத்திக்கு ஒலிபெருக்கி என்று பெயர். ஃபோனே இல்லாமல் பேசினாலும் நோயாளிக்குக் கேட்டுவிடும் என்பார்கள்.

"ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம் சார். காயமெல்லாம் ஆறிடுச்சா? ஓ. கொப்புளமா? எவ்வளவு பெருசு? பட்டாணி அளவா... சரி. தலையணை தட்டையா இருந்துச்சா? அது காயத்துல வராது சார். சரி, எழுதிக்கறேன். டாக்டர் சிரிக்கலையா? அவர் யாரைப் பார்த்தும் சிரிக்க மாட்டார் சார், உங்களை மட்டும் இல்லை. எழுதினதைப் படிச்சுக் காட்டணுமா?"

வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். "முசுடு டாக்டர் பேஷன்ட்டுக்கா. கொட்டாவி விட்டதைக்கூட எழுதச் சொல்றாங்க. உங்க சின்ன டாக்டர் பேஷன்ட்டுன்னா ரெண்டு வார்த்தையில முடிஞ்சிடும்."

மருமகள் தலையாட்டிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள். இளையவனின் நோயாளி. தையல்காரர்.

"ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம்."

"வணக்கம்மா. டாக்டர் சௌக்கியமா?"

"அவர் சௌக்கியம். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான்..."

"எனக்கென்னம்மா. ராஜா மாதிரி இருக்கேன்."

"காயத்துல சிவப்பு, கசிவு ஏதாவது?"

"ஒண்ணுமே இல்லை."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஒண்ணுமே இல்லையா? முந்தாநாள் அந்த நர்ஸு பஞ்சு பஞ்சா பிடுங்கி எடுத்தாளே, அது என்ன?"

"நீ சும்மா இரேன்."

"யாருங்க அது?"

"வீட்டுக்காரிம்மா. டி.வி. பார்த்துக்கிட்டே ஏதோ பேசுவா."

"அவங்ககிட்ட ஃபோனைக் குடுங்க."

சிறிய இழுபறிக்குப் பிறகு அந்த அம்மாள் வந்தார். தையல் பிரித்த வாரமே காயம் வாய் திறந்துவிட்டதாம். பாலத்துக்கு அந்தப் பக்கம், பல் டாக்டர் மாடியில் ஒரு கிளினிக். ஒன்றுவிட்டு ஒரு நாள் அங்கே போய்க் கட்டு மாற்றிக்கொள்கிறாராம்.

"இங்க ஏங்க வரலை?"

"இவர் விட்டாத்தானே. ஆபரேஷன் அன்னைக்கு டாக்டர் இவர் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாராம், மயக்கம் வர்ற வரைக்கும். அப்படிப்பட்ட மனுஷன்கிட்ட போய் உங்க தையல் விட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்றதுங்கறார். இவரும் தைக்கறவர் பாருங்க. தையல்ல குறை சொன்னா எப்படி வலிக்கும்னு தனக்குத்தான் தெரியுமாம்."

மருமகள் சிரிக்கவில்லை. "அங்க வேற யாராவது இப்படி வர்றாங்களா?"

"நல்லா கேட்டீங்க. போனா பெஞ்சு முழுக்க உங்க டாக்டர் ஆளுங்கதான். ஒருத்தருக்கொருத்தர் சொல்லி விட்டுக்கறாங்க."

ஃபோனை வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள். தரையோடு ஓடிய அந்தக் கோட்டை இத்தனை மாதம் அவள்தான் வரைந்தாள். பெருமையோடுதான் வரைந்தாள்.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"இன்னும் யார் பாக்கி?"

"ஒருத்தர்தான். உங்க மாமியார். நான் பேசறேன், சொந்தக்காரங்ககிட்ட நீங்க கேக்கக் கூடாதுல்ல."

"என்கிட்ட குடு."

மணி நீளமாக அடித்த பிறகுதான் எடுத்தார்.

"ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம்."

"யாரு, நீயா?"

"ஆஸ்பத்திரி."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு குரல் மரியாதைக்கு மாறியது. "சொல்லுங்க மேடம்."

"ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல் வந்துச்சா?"

"வரலைங்க."

"ரெண்டு போர்வை போத்திக்கிட்டுப் படுக்கறீங்களே, அது எதுக்கு?"

"அது உங்க பேப்பர்ல இருக்கற கேள்வியா மேடம்?"

"இல்லை."

"இருக்கறதை மட்டும் கேளுங்க."

மருமகளின் கையிலிருந்த பேனா மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தது. "காயத்துல கசிவு?"

"இல்லை."

"வலி?"

"என் மருமக நச்சரிக்கறதைவிடக் கம்மிதான்."

ஒலிபெருக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேற எந்த டாக்டரையாவது பார்த்தீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? என் பையன் ஒருத்தன் போதாதா?"

அப்போது மாமியாரின் குரலுக்குப் பின்னால் ஒரு மணி ஒலித்தது. ஒரு பெண் சலிப்போடு கூவினாள். "டோக்கன் பதினெட்டு. பதினெட்டு யாருங்க?"

"அத்தை, எங்க இருக்கீங்க?"

"வீட்ல."

"வீட்ல யார் டோக்கன் கூப்பிடறாங்க?"

ஃபோன் அணைந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

மருமகள் எழுந்தாள். "நான் வர்றதுக்குள்ள எதையும் மேல அனுப்பாதே."

"மீட்டிங்குக்கு முன்னாடி கேப்பாங்களேக்கா?"

"கேக்கட்டும். அனுப்பாதே."

*

பல் டாக்டரின் மாடிப்படியில் கிராம்பு எண்ணெய் வாசனை. மேலே குறுகலான கூடத்தில் சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஒரு கையை வயிற்றில் வைத்திருந்தார்கள். நடுவில் மாமியார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ரவுண்ட்ஸ் வந்தா நின்னுக்கிட்டே பேச மாட்டார்," என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துதான் பேசுவார்."

"என் பொண்ணுக்கு வேலை கிடைச்சுதான்னு கேட்டார். நான் எப்பவோ சொன்னதை ஞாபகம் வெச்சு," என்றாள் ஒரு பெண்.

"அவங்க அம்மா குடுத்து வெச்சவங்க."

"ஆமா," என்றார் மாமியார். "குடுத்து வெச்சவங்கதான்."

தான்தான் அந்த அம்மா என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. நிமிர்ந்தவர் வாசலில் நின்ற மருமகளைப் பார்த்துவிட்டார். ஒளிய இடம் தேடுகிறவர் போலக் கண் ஒரு சுற்றுச் சுற்றியது.

"எழுந்திருங்க அத்தை."

"என் நம்பர் இன்னும் வரலை."

மருமகள் கையைப் பிடித்தாள். கொதித்தது. பிடித்த கையை விடாமல் டாக்டர் அறைக்குள் அழைத்துப் போனாள். பெஞ்சிலிருந்தவர்கள் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளினிக் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தார். பார்த்தார். மறுபடி மூடினார்.

"போன தடவையே சொன்னேனேம்மா, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு."

"போன தடவையா?" என்றாள் மருமகள்.

"இது நாலாவது தடவை. இதை இங்க வெச்சு என்னால தொட முடியாது. உள்ள இருக்கற வலை வரைக்கும் போயிருச்சு. சர்க்கரை வேற. உடனே கூட்டிட்டுப் போங்க." கையுறையைக் கழற்றினார். "வெளிய இருக்கறவங்களுக்கும் இதைத்தான் சொல்றேன். அவ்வளவு நல்ல டாக்டர்னா அவர்கிட்டயே போய்ச் சொல்லலாமேன்னா, நல்லவர்ங்கறதாலதான் சொல்ல முடியலைங்கறாங்க. நான் என்ன பண்றது?"

"நாளைக்குப் போறேன்," என்றார் மாமியார்.

"நாளை வரைக்கும் இது காத்திருக்காதும்மா."

மாமியார் மருமகளின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு மட்டும் விட்டுடு. மீட்டிங் முடியட்டும். அப்புறம் நானே வந்து படுத்துக்கறேன். நீ சொல்ற இடத்துல படுக்கறேன்."

"முடியாது அத்தை."

"போனா நீ எழுதிடுவே."

"எழுதுவேன்."

"அவன் உன்னை வாய் நிறைய அண்ணின்னு கூப்பிடறான்."

"கூப்பிடட்டும். நான் உங்களுக்கு மருமக. உங்களைத் தூக்கிக்கிட்டாவது போவேன்."

"ஒரு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். இன்னும் ஒரு பொழுதுதானே கேக்கறேன்? என் பிள்ளைக்கு என் காயமே குறுக்க நிக்கணுமா?"

மருமகளுக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவர் எந்தப் பதவியில உக்காருவார்னு நினைக்கறீங்க?"

மாமியார் பதில் சொல்ல எழுந்தார். எழுந்தவரின் கால் மடிந்தது.

பெஞ்சிலிருந்தவர்கள்தான் ஓடிவந்து தாங்கினார்கள். தங்கள் வயிற்றையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவரைப் பிடித்துப் படி இறக்கினார்கள். வண்டியில் ஏற்றும்போது ஒருவர் மருமகளின் காதோரம் குனிந்தார்.

"காலைல பேசினது நீங்கதானேம்மா? குரல் தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட என் பேரைச் சொல்லிடாதீங்க. வருத்தப்படுவார்."

தையல்காரர்.

*

அவசரப் பிரிவில் அன்று பொறுப்பில் இருந்தவர் முசுடு. மீட்டிங்குக்குப் போட வேண்டிய கோட்டு நாற்காலியில் தொங்கியது. அவர் இன்னும் கிளம்பவில்லை.

"இவரா?" என்று மருமகளிடம் முணுமுணுத்தார் மாமியார்.

"இவரேதான்."

முசுடு காயத்தைப் பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறுவதற்கு அதில் இடமில்லை. "எப்போலேர்ந்து கசியுது?"

மாமியார் விட்டத்தைப் பார்த்தார்.

"பொய் சொல்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மடமடவென்று சொல்ல ஆரம்பித்தார். "தையல் பிரிச்ச வாரமே கசிவு. முதல்ல தண்ணியா, அப்புறம் கெட்டியா. சாயங்காலமானா காய்ச்சல். போன வாரத்திலேர்ந்து குளிர் நடுக்கம். வீட்ல கிடந்த பழைய மாத்திரையைப் போட்டுக்கிட்டேன். இருமினா உள்ள ஏதோ பிடிச்சு இழுக்குது. நேத்துலேர்ந்து சாப்பாடு இறங்கலை."

"இவ்வளவு தெளிவா சொல்றீங்க. பையன்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவன் முகம் வாடிடும். உங்க முகம் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு. உங்ககிட்ட சொல்றதுல என்ன கஷ்டம்?"

நர்ஸ் சட்டென்று திரும்பி மருந்து அலமாரியைத் துழாவினாள். முசுடு காய்ச்சல் அட்டையில் எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் மருமகள் திரையோரம் பார்த்தாள். இளையவன் நின்றிருந்தான். அவள் வழியிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். எப்போது வந்தானோ, எதையெல்லாம் கேட்டானோ. மீட்டிங்குக்கு உடுத்திய நல்ல சட்டை. அது நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மா," என்றான்.

"நீ ஏன் வந்தே? மீட்டிங் என்ன ஆச்சு?"

அவன் காயத்தைக் குனிந்து பார்த்தான்.

"வலையை எடுக்கணும்," என்றார் முசுடு.

"வேண்டாம்," என்றான் இளையவன் உடனே. "திறந்து சுத்தம் பண்ணுங்க. மருந்து ஏத்துங்க. நிறைய பேருக்கு அதுலயே சரியாயிருக்கு."

"சில பேருக்கு."

"சரி, சில பேருக்கு."

"அவங்க இந்தக் காய்ச்சலோடயும் இந்தச் சர்க்கரையோடயும் வந்தவங்க இல்லை. இது வேற ஒருத்தரோட அம்மாவா இருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

காயத்தைத் திறந்து கழுவினால் அது கணக்கில் ஒரு புள்ளி. வலையையே எடுக்க வேண்டி வந்தால் அது மறு ஆபரேஷன். சுவரில் சிவப்பாய் ஏறுகிற புள்ளி. அது இரண்டு டாக்டர்களுக்கும் தெரியும், மருமகளுக்கும் தெரியும். அவன் கண் ஒரே ஒரு முறை அண்ணியின் பக்கம் வந்து போனது. எதற்கு வந்தது என்று அவனுக்கே தெரிந்ததோ என்னவோ, முகம் கறுத்துவிட்டது.

"ரெண்டு பேரும் என் வயித்தை வெச்சு ஏலம் விடாதீங்க," என்றார் மாமியார். "டாக்டர், உயிருக்கு எது நல்லது?"

"எடுக்கறது."

"எடுங்க."

"அம்மா, ஒரு நிமிஷம்..."

"நீ பேசாம இரு. உனக்காக நான் ஒரு மாசம் பேசாம இருந்தேன். அது போதும்."

*

இரண்டாவது மாடியில் ஆபரேஷன் அறைக்கதவு மூடி அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. வெளியே இரும்பு நாற்காலிகள். இளையவன் இன்னும் உட்காரவில்லை. மருமகளின் ஃபோன் அடித்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றாள் ஒலிபெருக்கி. அவள் குரலே இறங்கியிருந்தது. "மேலேர்ந்து ஆள் வந்து தலைமாட்டுல நின்னுட்டாங்க. கணக்கை அனுப்பிட்டேன். தையல்காரர் சொன்னதை நீங்க இன்னும் எழுதலை. உங்க மாமியார் எல்லாத்துக்கும் இல்லைன்னுதானே சொன்னாங்க, அப்படியே போட்டுட்டேன்."

பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். அவள் குரல் இறங்கினாலும் அவ்வளவுதான் இறங்கும்.

"தையல்காரர் என்ன சொன்னார் அண்ணி?"

மறைக்க நேரமில்லை. பாலத்துக்கு அப்பால் பார்த்ததை எல்லாம் சொன்னாள். பெஞ்சு, டோக்கன், வயிற்றில் வைத்த கைகள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற டாக்டரின் புகழ். பெயர் மட்டும் யாருடையதும் சொல்லவில்லை.

"எத்தனை பேர்?"

"தெரியலை தம்பி. இன்னைக்கு இருந்தவங்களை மட்டும்தான் பார்த்தேன்."

"நான் நல்லா தைக்கறேன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

"நல்லாத்தான் தைப்பீங்க. எவ்வளவு நல்லாங்கறது யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. முசுடுக்குத் தெரியும். அவர் ஆளுங்க ஒரு கொப்புளம் வந்தாக்கூட விடாம திட்டறாங்க."

அவன் சுவரில் தலையைச் சாய்த்தான். "நான் அவங்களை நல்லா பார்த்துக்கிட்டது தப்பா அண்ணி?"

"தப்புன்னு யார் சொன்னா? உங்ககிட்ட கெட்ட செய்தி சொல்ல அவங்களுக்கு வழி இல்லாம போச்சு. அவ்வளவுதான்."

இப்போது அவன் பையில் ஃபோன் துடித்தது. எடுத்துப் பார்த்தான். ஏழாவது மாடி. அதை அண்ணியிடம் நீட்டினான்.

"நீங்க பேசுங்க."

வாங்கினாள். "தரப் பிரிவு பேசறேன்."

"டாக்டர் இல்லையாம்மா? நல்ல செய்தி சொல்லக் கூப்பிட்டோம். கணக்கைப் பார்த்துட்டோம். எல்லாரும் ஒரே மனசா இருக்காங்க."

"நாங்க அனுப்பின கணக்கு தப்புங்க."

"என்ன தப்பு?"

"குறைச்சு வந்திருக்கு. நிறைய பேர் வேற இடத்துல போய்க் காட்டியிருக்காங்க. எங்களுக்குச் சொல்லலை."

"யார் பேஷன்ட்?"

அவள் இளையவனைப் பார்த்தாள். அவன் தடுக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தான்.

"சின்ன டாக்டரோட பேஷன்ட். அதுல ஒருத்தர் அவரோட அம்மா. இப்ப ஆபரேஷன் அறையில இருக்காங்க."

மேலே யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம். "அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க. நாங்க கலையலை."

"வரேன்னு சொல்லுங்க," என்றான் இளையவன்.

சொன்னாள்.

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தான். பாதியில் நின்றான். "அந்தக் கிளினிக் எங்கேன்னு சொன்னீங்க?"

"பாலம் தாண்டி. பல் டாக்டர் மாடி."

"சரி. அம்மாகூட இருங்க அண்ணி."

லிஃப்ட் கதவு அவனை மூடிக்கொண்டது. அவனுடைய ஃபோன் அவள் கையிலேயே தங்கிவிட்டதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கூப்பிடுவதற்குள் ஆபரேஷன் அறைக்கதவு திறந்தது. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"சின்ன டாக்டர் எங்க?"

"இப்பத்தான் மேல போனார். ஏன்?"

"குடல் வலையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அவர் எங்கெங்க தையல் போட்டாருன்னு தெரியாம இழுத்தா கிழிஞ்சிடுமாம். பெரிய டாக்டரே கூப்பிடறார். கை கழுவிட்டு உடனே வரச் சொன்னார்."

"அவரா கூப்பிடறார்?"

"அவரேதான். நேரம் இல்லைங்க."

கையிலிருந்த ஃபோன் துடித்தது. மறுபடி ஏழாவது மாடி.

"டாக்டர் கிளம்பிட்டாராம்மா? இங்க யாரும் வரலையே."

அவள் லிஃப்டுக்கு மேலே எரிந்த எண்ணைப் பார்த்தாள். அது மேலே போகவே இல்லை. தரைத்தளத்தில் நின்றிருந்தது.